ஆடுகிற எழுத்து

எங்கள் ஊரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எழுத்துதான். நெல்லித்தோப்பு மார்க்கெட் முனையில் நிற்கும் ஐஸ்கிரீம் வண்டியில், மழலையர் பள்ளி வேனில், கேக் கடை டப்பாவில், பிறந்தநாள் பேனரில். ஒரு எழுத்து ஒற்றைக்காலில் நிற்கும். இன்னொன்று பக்கத்து எழுத்தின் தோளில் சாயும். குருசுக்குப்பத்தில் ஒரு படகின் மேல்கூடப் பார்த்தேன். போன மாதம் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரிலும் வந்துவிட்டது. செத்துப்போன பெரியவர் முறைத்துக்கொண்டிருக்கிறார், அவர் பெயர் கீழே குதித்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பு வருகிறது. எனக்கு மட்டும் மணி என்ன, வீட்டில் இருக்கிற மனுஷன் மாத்திரை போட்டாரா என்ற நினைப்புதான் வரும்.

அந்த எழுத்துக்கு 'குட்டிக்கரணம்' என்று பெயர். வரைந்தவர் என் வீட்டுக்காரர், ஜோசப் ஆனந்த்.

அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தட்டாஞ்சாவடியில் இயந்திர உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் டிராயிங் போட்டவர். ஸ்கேல் இல்லாமல் மளிகைச் சீட்டுக்குக்கூடக் கோடு கிழிக்க மாட்டார். எந்தத் தாளை எடுத்தாலும் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் போட்டு, வரைந்தவர், தேதி, நேரம், ஏற்பு அல்லது நிராகரிப்பு, சரிபார்த்தவர் என்று எழுதிவிட்டுத்தான் மேலே கையை வைப்பார். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு அவர் எழுதிக் கொடுத்த மாதிரியிலும் அந்தக் கட்டம் இருந்தது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

அவர் நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு அக்டோபர் மாதம், வேலையை விட்டுவிட்டு வந்தார்.

"போதும் வெரோனி. சலிச்சிப் போச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சலிப்பு என்றால் எனக்கு வராதா? நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடிக்கிறேன். காலை ஆறரைக்குத் திறப்போம். வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களின் எரிச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு, நாளைக்கு நாற்பது கை பிடிப்பேன். நரம்பு தெரியாத கை, பயந்த கை, நேற்று வேறு எங்கோ குத்திக் கறுத்துப்போன கை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் யார் கையையும் பிடிக்கத் தோன்றாது. அதுதான் என் தப்பு என்று இப்போது தெரிகிறது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் அன்பியத்தில் கூட்டம். அன்பியம் என்றால் எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழு. முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடுவோம். வாழ்த்துச் சார்ட் எழுதுவது எப்போதும் ஆனந்துதான். வருடா வருடம் அளந்து அளந்து எழுதுவார், நீதிமன்ற நோட்டீஸ் மாதிரி இருக்கும். அந்த வருடம் சார்ட்டைப் பிரித்துச் சுவரில் ஒட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எழுத்து முழுக்க ஆடுகிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஓரமெல்லாம் அலை அலையாக.

"என்னா ஆனந்து, இந்த வருஷம் ஒரே குஷியா எழுதியிருக்கியே!" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

ஆனந்து சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் கை தட்டினேன். இருபது வருடத்துக்குப் பிறகு என் புருஷனுக்கு விளையாட்டு வந்துவிட்டது, வேலையை விட்டதும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று நினைத்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்குக் கண்ணாடி இருந்தும் தெரியவில்லை.

அன்றைக்குத் தன் அம்மாவோடு ஏமா வந்திருந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் படித்துவிட்டு, இங்கேயே கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ வைத்திருக்கிற பெண். சார்ட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"அங்கிள், இத அப்பிடியே ஃபான்ட்டா பண்ணலாம். நீங்க பேப்பர்ல வரைஞ்சி குடுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். த்ரே ஜோலி, ரொம்ப அழகு அங்கிள், சத்தியமா."

தமிழுக்கு நூற்று ஐம்பதுக்கு மேல் வடிவம் வேண்டுமாம். ஒரு எழுத்துக்கு இருபது தடவை வரைந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஒரு வருடம் சாப்பாட்டு மேசை என்னுடையதாக இல்லை. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆனாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. வேலையை விட்ட ஆம்பிளைகள் வீட்டில் செய்கிற தொல்லை எதையும் செய்யவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஏமா அந்த எழுத்தை வெளியிட்டாள். மாசி முடிவதற்குள் ஊர் முழுக்கக் குட்டிக்கரணம்.

அதில் ஒரு குறை இருந்தது. அவர் அரிச்சுவடி வரிசைப்படியே போனதால் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கடைசிக்கு நின்றுவிட்டன. அவை இல்லாமலே வெளியாகிவிட்டது. எங்கள் ஆட்களின் பெயரை அந்த எழுத்தில் போட்டால், ஆடுகிற எழுத்துக்கு நடுவில் அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு ஃபான்ட்டிலிருந்து வந்து, கல்யாண வீட்டில் போலீஸ்காரர் நிற்பது போல விறைப்பாக நிற்கும். முதல் நற்கருணை வாங்கிய ஆஷ்லினுக்குப் புதுநன்மை பேனர், பென்ஜமினுக்குப் பிறந்தநாள், எல்லாவற்றிலும் ஒரு போலீஸ்காரர். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மீதியை வரைந்து தரச் சொல்லி ஏமா கேட்டாள். ஆனந்து சரி என்றார்.

அதற்கு நடுவில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போவதற்கு முன், அவருக்குச் சர்க்கரை பார்க்கலாம் என்று வீட்டிலேயே ரத்தம் எடுக்க உட்கார்ந்தேன். ரப்பர் பட்டையைக் கட்டினேன். கையை நீட்டினார்.

"கைய ஆட்டாதீங்க" என்றேன். தினம் நாற்பது தடவை சொல்கிற வார்த்தை.

"நான் ஆட்டல வெரோனி. அது ஆடுது."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அவர் காபியை அரை டம்ளர் போதும் என்று கேட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. சர்க்கரையைக் குறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆனது, சலிப்பு என்று சொல்லி வேலையை விட்டது, அந்தச் சார்ட், எல்லாம் ஒரே நிமிஷத்தில் வந்து நின்றது. ஊரில் உள்ள கையெல்லாம் பிடித்தவள் வீட்டில் இருக்கிற கையைப் பிடிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க அவரையே திட்டினேன்.

"ஏங்க சொல்லல?"

"எல்லாரும் கை தட்டினீங்களே" என்றார்.

டாக்டர் பார்த்தார். பயப்படுகிற பெரிய வியாதி இல்லை, கை நடுக்கம், வயதாக ஆகக் கூடும், மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றார். காலை ஒன்று, மாலை ஒன்று. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தக் கூடாது. நெஞ்சு தாறுமாறா ஓடும்" என்றார். அதை நான் இரண்டு தடவை ஆனந்திடம் திருப்பிச் சொன்னேன். நாள் பெயர் போட்ட டப்பாவில் வாராவாரம் மாத்திரையை நானே பிரித்து வைத்தேன். ஒரு மாதத்தில் கை அடங்கியது. காபியை முழு டம்ளராகக் குடித்தார். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

மே மாதம், கத்திரி வெயில். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஆனந்து ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியாத அளவுக்கு ஓடியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"போடறாரு. நான்தான் எடுத்து வெக்கறேன்" என்று அடித்துச் சொன்னேன். ஆனந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது பழைய மருந்துச் சீட்டைத் தேடி அவருடைய டிராயிங் கோப்பை எடுத்தேன். சீட்டு கிடைக்கவில்லை. தாள்கள் இருந்தன. மேல் தாளில் 'ஜ' இருபது தடவை. கட்டத்தில் தேதி ஏப்ரல் 9, நேரம் காலை 10, நிராகரிப்பு. எழுத்தைப் பார்த்தேன், அழகாக, நேராக, சாதுவாக இருந்தது. அடுத்த தாள், ஏப்ரல் 12, நிராகரிப்பு. 15, நிராகரிப்பு. ஏப்ரல் முழுக்க நிராகரிப்பு. மே 4-ஆம் தேதித் தாளில் 'ஜ' கொஞ்சம் அசைந்தது. மே 7-இல் ஆடியது. மே 8-இல் குதித்தது. காலை 10 மணி, ஏற்பு.

மாத்திரை போட்ட கை இப்படி ஆடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். இவர் மறைத்தார், ஆனால் தேதியும் நேரமும் போட்டு மறைத்தார். இந்த மனுஷனுக்குத் திருடவும் கட்டம் வேண்டும். ஸ்கெட்ச் பேனா டப்பாவைக் குலுக்கினேன். உள்ளே மாத்திரைகள். சாயங்கால மாத்திரையை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அதில் சிலது எச்சில் பட்டுக் கரைந்து காய்ந்து போயிருந்தன. நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறார்.

அவர் விழிக்கும் வரை காத்திருக்கவில்லை. டப்பாவை அவர் காதோரம் வைத்துக் குலுக்கினேன்.

"இது என்னாங்க?"

எழுந்து உட்கார்ந்தார். பொய் சொல்லவில்லை. "மாத்திரை போட்டா எழுத்து செத்துப் போவுது வெரோனி."

"போடலன்னா நீங்க செத்துப் போவீங்க. அதுக்கப்புறம் எந்த எழுத்துல பேனர் அடிக்கறது?"

"பாதில நிக்குதே. எம்பேர எழுத முடியல அதுல. என் எழுத்துல எம்பேர எழுத முடியல."

"நாசமாப் போவட்டும் உங்க பேரு!"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கம்பெனில ஒருநாள் எங்கைல அளவு பாக்கற வெர்னியர் தடதடன்னு ஆடறதப் பாத்து ஒரு பையன் சிரிச்சான். அன்னிக்குதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதே நடுக்கம்தான் இதுவும். இதப் பாத்தும் சிரிக்கறாங்க. ஆனா இது வேற சிரிப்பு வெரோனி. புள்ளைங்க சிரிக்குது."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. அவர் சொன்னது புரிந்தும் விட்டது. இரண்டையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் ஏமா பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் வெளுத்தது. உள்ளே வந்து ஆனந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வேணாம் அங்கிள். அந்த எழுத்தெல்லாம் இல்லாமலே இருக்கட்டும். இல்லன்னா நேரா வரைஞ்சி குடுங்க, நான் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் ஆட வெச்சிடறேன்" என்றவள், மடிக்கணினியைத் திறந்து செய்தும் காட்டினாள். ஏப்ரல் மாதத்து 'ஜ' திரையில் நெளிந்தது.

ஆனந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லா நெளிவும் ஒரே அளவு. நிராகரிப்பு" என்றார். ஏமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளை அனுப்பிவிட்டு மாத்திரையைக் கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வயது மனுஷனை அப்படிச் செய்யச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

வழி மறுநாள் லேபில் வந்தது. வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு, உடம்பில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன்னால் வரச் சொல்லித்தான் எடுப்போம். அப்போதுதான் மருந்து அடிமட்டத்தில் இருக்கும். ஆயிரம் தடவை செய்த வேலை. அப்படியென்றால் ஆனந்து கையும் அந்த நேரத்தில் கொஞ்சம் ஆடுமே என்று, அன்றைக்குக் குழாயைக் குலுக்கிக்கொண்டே நின்றுவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டேன். பழையபடி மாத்திரை உடம்பில் நிலைக்கட்டும், ஒருவேளைகூடத் தவறக் கூடாது, நேரம் மாறக் கூடாது; அதன் பிறகு காலை மாத்திரைக்கு முந்தைய அரைமணி நேரத்தில் அவர் எழுதினால் எழுதட்டும், நான் ஏன் தடுக்கப் போகிறேன் என்றார். மாலை ஆறுக்கு ஒன்று, காலை ஆறுக்கு ஒன்று என்று வைத்தோம்.

ஜூன் நடுவிலிருந்து அப்படித்தான். நான் நாலரைக்கு எழுந்து டிபனைச் செய்துவைத்துவிட்டு அவரை எழுப்புவேன். ஐந்தரைக்கு அவர் மேசையில் உட்காருவார். நான் எதிரில், ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். அந்த நேரத்தில் அவர் கை மெல்ல ஆட ஆரம்பித்திருக்கும். பழைய ஆட்டம் இல்லை, பாதிதான். பாதி போதும் என்றார். அரைமணியில் இருபது எழுத்து. சில நாள் இருபதும் நிராகரிப்பு. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். இந்தப் பாழாய்ப்போன எழுத்துக்கு ஏன் இத்தனை கொம்பு, ஜு, ஜூ, ஷு, ஷூ என்று தனித்தனியாக எதற்கு, யார் கேட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருப்பேன். ஆறு அடித்ததும் பேனாவைப் பிடுங்கிவிட்டு மாத்திரையைத் திணிப்பேன். நாக்கைத் தூக்கிக் காட்டுவார். ஆறேகாலுக்கு நான் லேபுக்கு ஓடுவேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஏமா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பத்தெட்டு நாள் ஆனது. கடைசி எழுத்து 'ஹ'. அன்றைக்கு மழை வரும் போலிருந்தது, கரண்ட் இல்லை, எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் வரைந்தார். பன்னிரண்டாவது 'ஹ' நன்றாக வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு, விழப்போய் விழாமல் நின்றது. ஏற்பு என்று எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, கட்டத்தில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். சரிபார்த்தவர்.

"வரைஞ்சவனே போடக் கூடாது. கம்பெனி ரூல்" என்றார்.

கோப்பு முழுக்க, ஒன்றரை வருடத்துத் தாள் முழுக்க, அந்த இடம் காலியாகவே இருந்திருக்கிறது.

"மொதல்ல மாத்திரை" என்றேன்.

விழுங்கினார். கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் வெரோனிகா என்று எழுதி, தேதி போட்டு, நேரமும் போட்டேன். காலை 6. பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த அவர் கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். நாடி பார்க்க இல்லை, நரம்பு தேட இல்லை. எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று எனக்குக் கணக்கு வரவில்லை.

உள்ளே அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னதாக, விடாமல், குழந்தை வயிற்றில் அசைவது போல. ஐஸ்கிரீம் வண்டியிலும் பள்ளிக்கூட வேனிலும் பார்த்தது எல்லாம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆறரைக்கு போன் அடித்தது. லேப். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வெறும் வயிற்றோடு ஊரே என்னைச் சபித்துக்கொண்டு நிற்கும்.

"போவலயா?" என்றார்.

"போறேன்."

ஏழு மணிக்குக் கிட்டத்தில் ஆட்டம் குறைந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஐந்து மாதமாக நான் மெழுகுவர்த்தி ஏற்றி, கத்தி, அழுது, நாக்கைத் தூக்கிப் பார்த்து வேண்டியதெல்லாம் இதற்குத்தான். நின்றதும் எனக்குத் துக்கமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், மறுபடி ஆடுகிறதா என்று பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.